பாலை கடக்கும் சாத்து

பாலை என்னும் சொல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. மழை பொய்த்து வெயில் முறுகிய காலத்தில், காடும் மலையும் தம் வளம் இழந்து அடையும் நிலையையே நம் முன்னோர் பாலை எனக் கொண்டனர். அந்நிலத்தின் வழியே பொருள் தேடிச் சென்ற வணிகர் தனித்துச் சென்றாரல்லர். பொதி சுமந்த விலங்குகளுடன் பலர் ஒருங்கு கூடியே சென்றனர். அக்கூட்டத்துக்குச் 'சாத்து' என்று பெயர். கோவலனுடைய தந்தையார் மாசாத்துவான் என வழங்கப்பெற்றமையும் அத்தகைய வணிகச் சாத்தின் தலைமை பற்றியே என்பர் உரைகாரர் சிலர். அச்சாத்துகள் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும் அவற்றின் முறையும் ஒழுங்கும் வேறோர் நாட்டில், வேறொரு கோலத்தில் இன்றும் வாழ்ந்து வருகின்றன. அவுஸ்திரேலியாவின் நடுவே கிடக்கும் சிம்ப்சன் பாலைவனத்தை ஜீப் போன்ற மோட்டார் வண்டிகளிற் கூட்டமாகக் கடந்து செல்லும் ஆர்வலரைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச எண்ணுகின்றேன்.

இவர்கள் பொருள் தேடிச் செல்பவரல்லர். ஆசிரியர், தச்சர், கமக்காரர், அலுவலகத்தில் எழுதுவோர், ஓய்வூதியம் பெறுவோர் எனப் பல தொழிலினரும் இவர்களுள் உளர். ஊரில் ஒருவரையொருவர் அறியாதிருந்து, வண்டி மீது கொண்ட விருப்பத்தினாலும், மனித நடமாட்டமற்ற வெளிகளைக் காணும் வேட்கையினாலும் நண்பரானோர் பலர். சங்கம் அமைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்தார்க்குப் பயிற்சி அளித்து, விடுமுறை நாட்களிற் கூடிப் புறப்படுகின்றனர். இதனைச் செல்வர்களின் வீண் விளையாட்டு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால், மனிதன் தன் கருவியின் வலிமையை எவ்வளவு நம்பலாம், அண்டை மனிதனை எவ்வளவு நம்பவேண்டும் என்ற பழைய வினாவுக்கு அவர்களுடைய பயணம் தெளிவான ஒரு விடையைத் தருகின்றது. அதன் பொருட்டே அதனை எடுத்துக்கொண்டேன்.

முதலிற் கருவியைக் காண்போம். நாம் வீதியிற் காணும் மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவை இரண்டு சக்கரங்களினாலேயே உந்தப்படுகின்றன. மற்றை இரண்டும் வெறுமனே உருண்டு வருவன. மாரிக்காலத்தில் வன்னிப் பகுதியின் மண்பாதையில் ஒரு வான் புதைந்ததைக் கண்டவர்கள் ஒன்றை நினைவிற் கொண்டிருப்பர். சேற்றில் அகப்பட்ட சக்கரம் சுழன்று சுழன்று குழி தோண்டும். உறுதியான தரையில் நிற்கும் அதன் இணைச் சக்கரமோ அசையாது நிற்கும். வளைவுகளில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் உருள்வதற்காக அமைந்த பற்சக்கரத் தொகுதி, எதிர்ப்புக் குறைந்த பக்கத்துச் சக்கரத்தை வீணே சுழலவிடுவதே அதற்குக் காரணம். 'போர் வீல் டிரைவ்' என்று நாம் வழங்கும் வண்டியிலோ இயந்திரத்தின் விசை பின் அச்சுக்கு மட்டுமன்றி முன் அச்சுக்கும் பகிரப்படுகின்றது. அதனுடன் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் தாழ்நிலைக் கியரும் உண்டு. இவை காரணமாக, ஏனைய வண்டிகள் நின்றுவிடும் இடத்தில் இது மெல்ல மெல்ல ஏறிச் செல்லும்.

இவ்வண்டியைப் பெருவழக்காக்கியது போரே. 1940ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை, கடினமான நிலத்திலும் ஓடக்கூடிய சிறு வண்டியொன்றைக் கேட்டது. பாண்டம் என்னும் சிறு கம்பனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய கம்பனிகள் போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. அவையே ஜீப் எனப் பெயர் பெற்றன. போர் முடிந்த பின் இங்கிலாந்தில் மோறிஸ் வில்க்ஸ் என்னும் பொறியியலாளர், தம் பண்ணையில் ஓடிய பழைய ஜீப்பைக் கண்டு கமத்தொழிலுக்கு ஏற்ற வண்டியொன்றை வகுத்தார். 1948 ஏப்ரல் மாதத்தில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் வெளியான லாண்ட் றோவர் அதுவே. உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் அதன் உடல் அலுமினியக் கலவைத் தகட்டாற் செய்யப்பட்டது. நம் நாட்டிலும் தோட்டங்களிலும், காட்டுப்புறத்து அரசாங்க அலுவல்களிலும் அவ்வண்டி நெடுங்காலம் உழைத்ததை மூத்தோர் அறிவர்.

கருவியின் பெருமை இவ்வளவு. அதன் எல்லையையும் உடனே கூறிவிட வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுப்பது வண்டியை முன்னே செலுத்த உதவுமேயன்றி, விரைவாக நிறுத்த உதவாது. ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் ஒருங்கே பிடியிழந்தால், பூட்டு அமைப்பு இல்லாத வண்டி அங்கேயே நின்றுவிடும். அன்றியும், நல்ல வண்டி தன் உரிமையாளனை இன்னும் உள்ளே, இன்னும் தொலைவிற் கொண்டுபோய்ப் புதைக்கும் ஆற்றல் உடையது. சாதாரண வண்டி ஊர் எல்லையிற் புதையும். கூப்பிட்டால் ஆள் வரும். வலிய வண்டி புதையும் இடத்தில் கூப்பிடு தொலைவில் எவருமிலர்.

அத்தகைய இடங்களுள் ஒன்றே சிம்ப்சன் பாலைவனம். அதன் பரப்பு ஏறத்தாழ 1,76,500 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். தென் அவுஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வட பிரதேசம் ஆகிய மூன்று நிருவாகப் பிரிவுகளில் அது பரந்து கிடக்கின்றது. அதன் சிறப்பு மணல் மேடுகளே. இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல், காற்றினால் வரிவரியாக ஒதுக்கப்பட்டு, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றது. கமக்காரன் உழுத சால்களைப் போல 1,100க்கும் மேற்பட்ட மேடுகள் அவ்வாறு கிடக்கின்றன. சில மேடுகள் 200 கிலோமீற்றர் வரை நீண்டவை. மேற்கிலிருந்து கிழக்கே செல்பவன் இவற்றை ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். மேட்டின் மேற்குச் சரிவு சாய்வானது. கிழக்குச் சரிவு செங்குத்தானது. எனவே மேற்கே தொடங்கிக் கிழக்கே முடிப்பதே எளிதென்று அனுபவமுடையோர் கூறுவர்.

1845ஆம் ஆண்டில் சார்ள்ஸ் ஸ்ரேட் என்பவர் அப்பாலையின் விளிம்பை அடைந்து, அப்பாற் செல்ல இயலாது திரும்பினார். 1936இல் தெட் கோல்சன் என்பவர், பீற்றர் எயின்ஸ் என்னும் பழங்குடித் தோழருடன் ஒட்டகங்களிற் சென்று அதனைக் கடந்தார். 1929இல் வானிலிருந்து அப்பாலையை ஆய்ந்து அதற்குச் சிம்ப்சன் எனப் பெயரிட்ட செசில் மடிகன் என்னும் புவியியலறிஞர், 1939இல் தாமே ஒட்டகச் சாத்துடன் கடந்தார். மோட்டார் வண்டியில் முதன்முதலாக அதனைக் கடந்தவர் ரெக் ஸ்பிரிக் என்னும் மற்றொரு புவியியலறிஞர். 1962இல் தம் மனைவி கிறிசெல்டாவையும் இரு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நிஸான் வண்டியொன்றில் அவர் அதனை நிறைவேற்றினார். குழந்தைகள் சென்ற இடத்துக்கு நாமும் போகலாமே என்று இன்று எண்ணுவோர், அவர் அப்பகுதியின் நிலவமைப்பை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர் என்பதை மறந்துவிடலாகாது. அதே பத்தாண்டில் எண்ணெய் தேடிய பிரெஞ்சுக் கம்பனியொன்று மேடுகளை ஊடறுத்து நேர்கோடாக ஒரு தடம் வெட்டியது. 'பிரெஞ்சுத் தடம்' என்னும் பெயருடன் அது இன்றும் பயணிகளின் முதன்மையான வழிகளுள் ஒன்றாக உள்ளது.

இனிச் சாத்து செல்லும் முறையைப் பார்ப்போம். மேற்கே மவுண்ட் டேர் என்னும் சிறு தங்குமிடத்திற் பெற்றோலோ டீசலோ நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், கிழக்கே பேர்ட்ஸ்வில் என்னும் சிற்றூரை அடையும் வரை 500 கிலோமீற்றருக்கு மேல் எரிபொருள் கிடையாது, கடை கிடையாது, குடிநீர் வாங்க இடமும் கிடையாது. மணலில் ஓடும் வண்டி வீதியில் ஓடுவதிலும் மிக அதிகமாக எரிபொருளைக் குடிக்கும். ஆகவே, புறப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்னரே கூடியிருந்து கணக்கிடுகின்றனர். ஒவ்வொரு வண்டியும் எத்தனை லீற்றர் கொள்ளும், எவ்வளவு பாரம் தாங்கும், எவருடைய வண்டியில் எந்த உதிரிப்பாகம் இருக்கும், எவர் முதலுதவி பயின்றவர் என்றெல்லாம் எழுதிக்கொள்கின்றனர். குடிப்பதற்கு மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் நீராவது வைத்து, எதிர்பாராத நாட்களுக்கென மேலும் சேர்த்துக்கொள்வது நல்வழக்கம். நீர் முழுவதையும் ஒரே வண்டியில் ஏற்றமாட்டார்கள்; அவ்வண்டிக்கு ஊறு நேர்ந்தால் எல்லோரும் தாகத்தால் வாடவேண்டி வருமன்றோ?

சாத்தின் முன்னே வழியறிந்தவர் ஒருவர் செல்வார். இறுதி வண்டியில் அவரினும் அனுபவமுடைய ஒருவர் வருவதே சிறப்பு. முன்னே செல்பவர் வழியைக் காட்டுவார். பின்னே வருபவரோ நின்றவரைக் காப்பார். இடையிற் செல்வோர் ஒவ்வொருவரும் தமக்குப் பின் வரும் வண்டிக்குப் பொறுப்பாவர். வழி பிரியும் இடத்தில், பின்வண்டி கண்ணுக்குத் தெரிந்து, அது தன் திருப்பத்தைக் கண்டுகொண்ட பின்னரே முன்வண்டி நகரலாம். இந்த எளிய ஒழுங்கை எல்லோரும் கடைப்பிடித்தால், எத்தனை வண்டிகள் சென்றாலும் ஒன்றேனும் தவறிப்போகாது. முன்னே செல்பவனைப் பிடிக்க வேண்டுமென்று விரைபவன் இச்சாத்துக்கு ஆகாதவன். பின்னே வருபவனை நோக்கிக் காத்து நிற்பவனே அதற்கு உரியவன்.

மணல் மேட்டின் உச்சியில் ஒரு பெரும் ஆபத்து உண்டு. ஏறும் ஓட்டுநனுக்கு வானமும் தன் வண்டியின் முகப்பும் அன்றி வேறெதுவும் தெரியாது. அப்பக்கத்திலிருந்து ஒருவன் அதே தடத்தில் ஏறி வந்தால் இருவரும் உச்சியில் மோதுவர். இதனாலேயே ஒவ்வொரு வண்டியின் முன்புறத்திலும் நீண்ட கோலொன்றில், தரையிலிருந்து 3.5 மீற்றர் உயரத்துக்குக் குறையாமல், பளிச்சென்ற நிறக்கொடி பறக்கவேண்டுமென்பது அங்குள்ள விதி. கொடி மட்டுமன்றி வானொலித் தொடர்பும் உண்டு. அப்பாலைக்கென வழங்கும் அலைவரிசையில், "நான்கு வண்டிகள், கிழக்கு நோக்கி வருகின்றோம்" என்று சாத்தின் தலைவர் இடையிடையே அறிவித்துச் செல்வார். எதிரே வருபவர் மறுமொழி கூறி ஒதுங்கி நிற்பார். முகம் காணாத இருவர், ஒருவருக்கொருவர் தம் வரவைச் சொல்லி உயிர் காத்துக்கொள்ளும் காட்சி இது.

மேடு ஏறுவதற்கு இயந்திர வலிமையினும் ரயரின் காற்றே முக்கியம் என்றால் பலர் வியப்படைவர். வீதியில் 35 அல்லது 40 இறாத்தல் அமுக்கத்தில் ஓடும் ரயரை மணலில் 15 முதல் 18 இறாத்தல் வரை இறக்கிவிடுகின்றனர். காற்றுக் குறைந்த ரயர் நீளமாகத் தரையிற் படிகின்றது, பாரம் பரவுகின்றது, ஒட்டகத்தின் அகன்ற பாதத்தைப் போல மணலின் மேலே மிதந்து செல்கின்றது. 1929 தொடக்கம் லிபியப் பாலைவனத்தில் நெடும் பயணங்கள் செய்த ரால்ப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, இரு சக்கரங்களால் மட்டும் உந்தப்பட்ட சாதாரண போர்ட் வண்டிகளிலேயே பெருமணற் பரப்புகளைக் கடந்தார். ரயரின் காற்றைக் குறைத்தல், புதைந்த சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு இடுதல், பல வண்டிகளாகச் சேர்ந்து செல்லல் ஆகியவையே அவர் கையாண்ட உபாயங்கள். அறிவும் துணையும் இருந்தால் எளிய கருவியும் போதும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

மேடு ஏறும்போது ஒரு நேரத்தில் ஒரு வண்டியே ஏறவேண்டும். பாதியில் நின்றுவிட்டால், வந்த தடத்திலேயே நேராகப் பின்னே இறங்கவேண்டும். திருப்ப முயன்றால் வண்டி பக்கவாட்டிற் புரண்டுவிடும். புதைந்து போனாலோ, இயந்திரத்தை உறுமவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றுவது அறியாமை. சவளால் மணலை அள்ளி, தகடு இட்டு, அதுவும் பயனளிக்காவிடில் மற்றை வண்டியை அழைக்கவேண்டும். இழுப்பதற்கென நீண்டு சுருங்கும் தன்மையுடைய நாடாக் கயிறு உண்டு. அது வில் நாணைப் போல விசையைச் சேர்த்து வைத்து வண்டியை வெளியே இழுக்கும். அக்கயிற்றை உரிய கொளுவியில் மாட்டாமல், இழுவைப் பெட்டிகளைக் கொளுவும் இரும்புக் குமிழில் மாட்டியதால், குமிழ் முறிந்து குண்டுபோற் பாய்ந்து உயிரிழப்பு நேர்ந்ததுண்டு. எனவே இழுக்கும் வேளையிற் சுற்றி நிற்போர் யாவரும் நெடுந்தூரம் விலகி நிற்கவேண்டும். கட்டளையிடும் குரல் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

அப்பாலையில் மழை பெய்து வளர்ந்த ஆண்டுகளில் ஸ்பினிபெக்ஸ் என்னும் முட்புல் அடர்ந்து நிற்கும். அதன் வித்துகள் வண்டியின் முகப்பை அடைத்து இயந்திரத்தைச் சூடேற்றும். காய்ந்த தாள் வண்டியின் அடியிற் புகைபோக்கிக் குழாயருகே திரண்டு தீப்பற்றும். ஆகையால் தரித்து நிற்கும்போதெல்லாம் ஒருவர் வண்டியின் கீழ் ஊர்ந்து சென்று புல்லை நீக்கவேண்டும். சிறு பணிதான்; ஆனால் அதனைச் செய்யாது விட்டவர்களின் வண்டிகள் எரிந்து சாம்பலாயின.

பாலை சிறு பிழையையும் பொறாது. மூன்று பிரிவுகளும் கூடும் மூலைக்குப் போப்பெல் மூலை என்று பெயர். 1880ஆம் ஆண்டளவில் அகஸ்ரஸ் போப்பெல் என்னும் நில அளவையாளர் அங்கே மரத்தூண் ஒன்றை நாட்டினார். அவருடைய அளவுச் சங்கிலி ஓர் அங்குலமளவு நீண்டிருந்தமை பின்னரே தெரிந்தது. அந்த ஓரங்குலம் ஆயிரம் ஆயிரமாகப் பெருகித் தூணை இடம் மாற்றிவிட்டது. சில ஆண்டுகளின் பின் அதனைப் பெயர்த்து உரிய இடத்தில் நாட்ட வேண்டியதாயிற்று. அளவையாளரின் பிழையைத் திருத்தலாம். நீரின் கணக்கிலும் வழியின் கணக்கிலும் நேரும் பிழையைத் திருத்த முடியாது. அப்பாலையின் கிழக்கு விளிம்பை ஒட்டிச் செல்லும் பேர்ட்ஸ்வில் வழியில், 1963 டிசெம்பரில், ஐவர் கொண்ட ஒரு குடும்பம் தம் காரிற் சென்றது. அங்கே டிசெம்பர் கடுங்கோடை. வழி தவறியது, பெற்றோல் தீர்ந்தது. அவர்கள் காரை விட்டு நீங்கி நீர் தேடி நடந்தனர். ஐவரும் தாகத்தால் மாண்டனர். அவர்களுக்குப் பின்னே வேறொரு வண்டி வந்திருந்தால், அல்லது அவர்கள் வரும் நாளை எதிர்நோக்கியிருந்த ஒருவர் உடனே தேடத் தொடங்கியிருந்தால், முடிவு வேறாயிருக்கக்கூடும். வண்டி நின்றால் வண்டியை விட்டு அகலாதே. புறப்படுமுன் போகும் வழியையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் சொல்லிச் செல் என்னும் இரு விதிகளும் இன்று அந்நாட்டிற் பயணிகள் யாவருக்கும் முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன.

பாலையை ஆளில்லாத வெறுநிலம் என்று எண்ணுவதும் தவறு. வங்கங்குறு என்னும் பழங்குடியினர் அதன் நடுவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். மணலை ஆழத் தோண்டி அமைத்த கூவல்களே அவர்களுக்கு உயிர் நிலை. 'மிக்கிரி' என்பது அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர். 1886இல் டேவிட் லின்ட்சே என்னும் ஆய்வாளர், அக்குடியைச் சேர்ந்த ஒருவர் வழிகாட்ட, அத்தகைய ஒன்பது கூவல்களைக் கண்டார். 1900ஆம் ஆண்டை ஒட்டி அம்மக்கள் பாலையை விட்டு வெளியேறினர். எனினும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு அந்நிலம் இன்றும் புனிதமானது. வெளியார் கண்ணுக்கு வெறும் மணலாகத் தோன்றிய இடத்தில், நீர் இருக்கும் இடமெல்லாம் நினைவில் வைத்து, இயந்திரம் எதுவுமின்றி வாழ்ந்த அம்மக்களின் அறிவை எண்ணும்போது நம் வண்டிகளின் பெருமை சிறிது அடங்கிவிடுகின்றது.

ஆகவே அங்கு செல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கம் வேறொன்றும் உண்டு. வெட்டிய தடத்தை விட்டு விலகலாகாது. மேட்டின் மீது புதுத் தடம் போட்டால், மணலைப் பிடித்து வைத்திருக்கும் புல் வேரறும். காற்று அவ்விடத்தைக் கிழித்துவிடும். ரயரின் காற்றைக் குறைக்காது ஆணவத்தோடு ஏறுபவன் தடமெங்கும் குழி பறித்துச் செல்கின்றான். அவனுக்குப் பின் வருவோர் அக்குழிகளில் அல்லற்படுகின்றனர். கொண்டு சென்ற குப்பை யாவற்றையும் கொண்டே மீளவேண்டும். கோடையில், டிசெம்பர் 1ஆம் திகதி தொடக்கம் மார்ச் 15ஆம் திகதி வரை, தென் அவுஸ்திரேலிய அரசு அப்பாலைப் பூங்காவை மூடிவிடுகின்றது. அது மனிதரைக் காப்பதற்கான விதி. பயணச் சங்கத்தார் அதனைத் தடையாகக் கருதாது முறையாகவே ஏற்றுக்கொள்கின்றனர்.

நம் நாட்டில் இத்தகைய பாலை இல்லை. ஆயினும் இவ்வறிவு நமக்கும் உரியதே. வில்பத்துவிலும் யாலையிலும் வண்டியிற் செல்வோர் பாதையை விட்டு இறங்கலாகாது என்ற விதி இதே காரணம் பற்றியது. நம்மவர் பலர் இன்று மெல்போர்ணிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அங்கிருந்து விடுமுறைக்கு உள்நாடு நோக்கிப் புறப்படும் அவர்தம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லவேண்டிய சொல்லும் இதுவே. இன்னும் கூறின், உகந்தை முருகனை வணங்கிக் குமணைக் காட்டினூடே கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகர் இதனை நெடுங்காலமாக அறிவர். அவர்கள் குழுவாகவே காட்டுக்குள் இறங்குவர். முதியவரின் நடைக்கு ஏற்பத் தம் நடையைக் குறைப்பர். இருக்கும் நீரைப் பகிர்வர். காலால் நடப்பினும் சக்கரத்தாற் செல்லினும் வழியின் அறம் ஒன்றே.

வலிய வண்டியை வாங்கப் பணம் போதும். அதனை ஓட்டச் சில நாட் பயிற்சி போதும். ஆனால் மேட்டின் உச்சியை அடைந்தவன், அடுத்த மேட்டை நோக்கி விரையாது, திரும்பிப் பார்த்து, கீழே புழுதியினூடே ஏறிவரும் கடைசி வண்டியின் கொடி தெரியும் வரை காத்து நிற்பதற்குப் பண்பு வேண்டும். பண்டைச் சாத்துகள் பாலையைக் கடந்தது அப்பண்பினாலேயே. இன்று கடப்போரும் அதனாலேயே கடக்கின்றனர். நான்கு சக்கரங்கள் நம்மைப் பாலையின் நடுவுக்குக் கொண்டு செல்லும். திரும்ப வீடு சேர்ப்பது வழித்துணை.